கொக்கியைத் தொட்ட கை

தொட்டிலுக்கு ஒரு சாண் தூரத்தில் முத்துநாயகத்தின் இரண்டு கைகளும் நின்றுவிட்டன. குறுக்கே மனைவி தாணம்மாளின் தோசைக்கரண்டி நீண்டிருந்தது.

“கையக் கழுவினியளா?”

“கழுவினேன் பிள்ளே. சோப்பு போட்டாக்கும் கழுவினேன்.”

“கக்கூசுக்குப் போயிட்டு பெல்ட்டு கெட்டுனதுக்கு முந்தியா, பொறவா?”

முத்துநாயகம் திகைத்தார். ஐம்பத்தொன்பது வயது வரை எந்த வக்கீலும் அவரை இப்படி மடக்கியதில்லை.

“பெல்ட்ட கெட்டீட்டு வெளிய வந்துதான் கழுவுவேன். ஊருல எல்லாவனும் அப்பிடித்தான செய்யான்?”

“அப்போ கழுவாத கை பெல்ட்டுக் கொக்கியில பட்டாச்சு. கழுவின கையும் திரும்ப அதே கொக்கிக்குத்தான் போவும். பின்ன என்ன கழுவல்? நான் கேக்கல, பிந்து கேக்கா.”

மருமகள் பிந்து ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்ப்பவள். கிருமிகளை இனிஷியலோடு பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடியவள். மகன் வினோஜ் ஷார்ஜாவில் இருக்க, தக்கலையில் அம்மா வீட்டில் பிரசவித்தவள் மூன்று மாதப் பிள்ளையோடு இங்கே நாலு நாள் தங்க வந்திருந்தாள். மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசிக்கொள்வது அந்த வீட்டு வழக்கமில்லை. அவள் உள்ளறையில் சொல்வது தாணம்மாள் வழியாக முன்னறைக்கு வரும். அவர் சொல்வதும் அதே பாதையில் திரும்பிப் போகும்.

இன்று வியாழன். ஞாயிறு காலை பேத்தி தக்கலைக்குப் போய்விடுவாள். அதற்குள் ஒரு தடவையாவது அவளைத் தூக்கிவிட வேண்டும். முத்துநாயகத்துக்கு உலகத்தில் வேறு ஆசையே இல்லாமல் போயிற்று.

தடையாக நின்றது அந்தப் பெல்ட். அவர் கொட்டாரம் சந்தையில் வாழைக்குலை வியாபாரி. வேட்டிக்கு மேலே நாலு விரல் அகலத்தில் பச்சை பெல்ட். பத்தொன்பது வருஷமாக அது சோப்பைக் கண்டதில்லை. துவைக்கச் சொல்லிச் சொல்லித் தாணம்மாளுக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

முத்துநாயகம் மறுபடி கை கழுவினார். ஈரக் கைகளை அந்தரத்தில் ஏந்தியபடி தொட்டிலை நோக்கி நடந்தார். மொத்தம் ஏழு அடி. நாலாவது அடியில் இரண்டு கட்டைவிரல்களும், முதலாளியைக் கேட்காமலே, பழைய பழக்கத்தில் பெல்ட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டன.

“தொட்டாச்சு,” என்றாள் தாணம்மாள். “பெல்ட்ட துவைக்காம ஆவாதுன்னு பிந்து சொல்லுகா.”

“துவைச்சா அதுக்க ராசி போயிரும்டி.”

“அப்போ ராசியவே தூக்கிக் கொஞ்சுங்க.”

குறுக்குவழியாக, ஒரு குப்பி சானிடைசரை வாங்கிப் பெல்ட்டின் மேல் கவிழ்த்தார். பெல்ட் பச்சையைக் கக்கியது. வேட்டி பச்சை, தொடை பச்சை, கைகள் கிளிப்பச்சை. சானிடைசரின் சாராய வாசனையில் தெருவில் போன இரண்டு பேர் உள்ளே எட்டிப் பார்த்து, “விசேசம் வல்லதும் உண்டா?” என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை வேறு வழியின்றிப் பெல்ட் வாளிக்குள் இறங்கியது. முதல் தண்ணீர் பாலில்லாத கட்டன்காப்பி நிறத்தில் வந்தது. இரண்டாம் தண்ணீரை ஊற்றிய இடத்தில் எறும்புகள் ஊரைக் காலி செய்தன. ஏழாம் தண்ணீர் தெளிந்தபோது சாயங்காலமாகிவிட்டது. காய்ந்து வந்த பெல்ட் அவர் வயிற்றை முக்கால்வாசிதான் சுற்றியது.

சனிக்கிழமை பெல்ட் இல்லாமல் சந்தைக்குப் போனார். வெறும் முடிச்சில் வேட்டி நிற்கும் என்ற நம்பிக்கை அவருக்கு எப்போதோ போய்விட்டிருந்தது. வாழைநாரை மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினார். சந்தையில் நின்ற பசு ஒன்று பின்னாலேயே வந்து, தொங்கிய நுனியை நிதானமாக மெல்ல ஆரம்பித்தது.

“அண்ணாச்சி, மாடு பெல்ட்ட தின்னுகு,” என்றார் பக்கத்துக் கடை ரசலையன்.

“தெரியும்டே. கையெடுத்து வெரட்டுனா வேட்டி போயிரும். நீ வெரட்டு.”

வேட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி வீடு வந்தவருக்கு அடுத்த உத்தரவு காத்திருந்தது.

“பைப்ப தொறந்தது கழுவாத கையி. கழுவின கையி திரும்ப அதத் தொட்டுத்தான மூடுகு? பிந்து சொல்லுகா, பைப்பு, கப்பு, கதவுக் கொண்டி எல்லாம் தேச்சுக் கழுவணும். கக்கூசுக்குள்ள தொங்குக துவர்த்தையும் வெந்நில போடணும்.”

“துவர்த்து என்ன பாவம் செய்துது?”

“அது தொங்குக எடத்த நெனச்சுப் பாருங்க.”

கை துடைக்கும் அந்தத் துண்டு தொங்கும் இடத்தை நினைத்துப் பார்த்தார். வேட்டியை இறுக்கிக்கொண்டு, அதை இரண்டு விரலால் தூக்கி வெந்நீரில் போட்டார்.

குலை சுமந்த முத்துநாயகத்தின் கைகள் அன்று பிரஷ் பிடித்தன. குழாயைத் தேய்த்தார். கப்பை உள்ளும் புறமும் தேய்த்தார். தாழ்ப்பாளை அவர் தேய்த்த தேய்ப்பில் அதில் முகம் பார்த்து மீசை ஒதுக்கலாம் போலிருந்தது. யாருமே கழுவ நினைக்காத சோப்புப் பெட்டியைக்கூட விடவில்லை. கக்கூசு வாசலில் நின்று பார்த்த தாணம்மாளின் முகத்தில், கல்யாண ஆல்பத்தில்கூட இல்லாத ஒரு பொலிவு.

ஞாயிறு காலை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. தாணம்மாள் முறுக்குச் சம்படத்தை எடுக்க அடுக்களைக்குள் போயிருந்தாள். பிந்து பிள்ளையோடு முன்னறைக்கு வந்தாள்.

மூன்று தடவை குளித்து, முழங்கையால் குழாயை மூடி, வேட்டியை இரட்டை முடிச்சுப் போட்டு, ஆபரேஷனுக்குப் போகிற டாக்டர்போல் இரண்டு கைகளையும் உயர்த்தியபடி முத்துநாயகம் நின்றுகொண்டிருந்தார். வழக்கமாவது ஒன்றாவது. அவளிடம் நேராகவே கேட்டுவிட்டார்.

“மக்களே, இனியும் எதாவது கழுவணுமா?”

பிந்து அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பிள்ளையை அந்தக் கைகளில் வைத்தாள். பிள்ளை பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தது.

“கையக் கழுவினா போதும்னு வந்த அன்னைக்கே அத்தைட்ட சொன்னேனே மாமா; பிள்ளையத் தூக்க ஒங்களுக்குப் பயம்னுல்லா அத்த சொன்னாவ.”