அமைச்சர் பிடித்த மஞ்சள் மீன்

கேரளத்தில் வயிற்றுக்காக மீன் பிடிப்பவர்கள் ஏராளம். காரணமே இல்லாமல் மீன் பிடிப்பவர்கள் மிகவும் குறைவு. இந்த வருந்தத்தக்க நிலை அரசின் மேலான கவனத்துக்கு வந்தபோது, அதைப் போக்குவதற்கென்றே திருவனந்தபுரத்தில் கயாக் தூண்டில் மேம்பாட்டுக் கழகம் தோற்றுவிக்கப்பட்டது.

கயாக் என்பது ஒருவர் மட்டும் கால் நீட்டி உட்காரும் பிளாஸ்டிக் படகு. அதில் ஏறித் துடுப்புப் போட்டு ஆற்றின் நடுவே போக வேண்டும். தூண்டில் வீச வேண்டும். மீன் கிடைத்தால் அதனுடன் படம் எடுத்துக்கொண்டு, மறுபடி அதை ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும்.

"அப்புறம்?" என்று கேட்டார் துணை இயக்குநர் வெங்கடேஸ்வரன்.

"அப்புறம் வீட்டுக்குப் போக வேண்டும்" என்றார் இயக்குநர். "வெளிநாட்டில் எல்லாம் இதுதான் இப்போது."

வெங்கடேஸ்வரன் கோட்டைக்குள் அக்கிரகாரத்துக்காரர். பிறந்தது முதல் மீனைக் கோயில் தூணில் கல்லாக மட்டுமே பார்த்தவர். மீன்மேல் விருப்பமோ வெறுப்போ இல்லாத ஒருவரே நடுநிலையோடு இப்பொறுப்பை வகிக்க முடியும் என்று கருதி அரசு அவரை நியமித்திருந்தது. வீட்டில் அவர் விவரம் சொல்லவில்லை. "தண்ணீர் சம்பந்தப்பட்ட ஆபீஸ்" என்று மனைவி நாகலக்ஷ்மியிடம் சொல்லியிருந்தார். அவளும் குழாயில் தண்ணீர் வராத நாட்களில் அவரை மட்டுமே திட்டிவந்தாள்.

கழகத்தின் முதல் பயணத்தை அமைச்சரே கயாக்கில் ஏறித் தொடங்கிவைப்பதாக முடிவாயிற்று. இயக்குநர் வெங்கடேஸ்வரனை அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"சாரே, டிவிக்காரர்கள் வருகிறார்கள். அமைச்சர் கையில் மீன் இருக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் கையில் காசர்கோட்டுக்கு மாற்றல் ஆர்டர் இருக்கும்."

காசர்கோடு! கொல்லத்துக்கு வடக்கே ஒரு ராத்திரிகூடத் தங்கியறியாதவர் வெங்கடேஸ்வரன். காலையில் பத்மநாபனைக் கிடந்த கோலத்தில் பார்த்துவிட்டு, நாகலக்ஷ்மி தரும் காப்பியைக் குடித்துவிட்டுத்தான் அவருக்கு மூச்சே சீராகும்.

"காசர்கோடா? அது ரயில் போய்த் திரும்புற இடமில்லையோ? அங்கே மனுஷா இருக்காளா என்ன?" என்றாள் நாகலக்ஷ்மி. "ஏன்னா, அவா என்ன கேக்கறாளோ அதைக் குடுத்துத் தொலைச்சுட்டு இங்கேயே இருங்கோ."

எனவே அவர் மிகுந்த சிரத்தையுடன் செயலில் இறங்கினார். இடம், திருவல்லம் ஆற்றங்கரை. நாள், கர்க்கடக வாவுக்கு மறுநாள். அந்த நாளைத் தேர்ந்தெடுத்தது அவருடைய சொந்த யோசனை. வாவு என்பது நம் ஆடி அமாவாசைதான். அன்று பாதி ஜில்லா திருவல்லத்தில் கூடி, ஈரத் துணியோடு ஆற்றில் முங்கி, பித்ருக்களுக்குப் பிண்டம் போடும். அதற்காக அரசு பந்தல் போடும், கம்பு கட்டும், ஆம்புலன்ஸ் நிறுத்தும். மறுநாள் அதையெல்லாம் பிரிக்கும். பிரிப்பதற்கு முன் அமைச்சர் வந்துவிட்டால், ஒரே பந்தலில் முன்னோர்களுக்கும் சுற்றுலாவுக்கும் ஒருங்கே தொண்டாற்றலாம் அல்லவா? இயக்குநர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். இவ்வளவு அறிவு ஒரு கழகத்தில் இருப்பது அபூர்வம் என்றார்.

அன்றைக்குக் காலை மழை விட்டிருந்தது. ஆறு செம்மண் நிறத்தில், நினைத்து நினைத்து நகர்வதுபோல் போய்க்கொண்டிருந்தது. கயாக் பயிற்சியாளர் சிஜி விடிந்ததிலிருந்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். பொழியூர்க் கடற்கரைப் பெண். கறுப்புக் கண்ணாடி, ஆரஞ்சு மிதவைச் சட்டை. இறாலைக் கோத்துப் போட்டாள். மைதா உருண்டை போட்டாள். மரச்சீனிக் கிழங்கை அவித்துப் போட்டாள். தக்கை அசையவே இல்லை.

"ஆத்தில மீன் இல்லையா?" என்று கரையிலிருந்து கத்தினார் வெங்கடேஸ்வரன்.

"இருக்கு சார், நெறைய இருக்கு. படகுக்கு அடியில சும்மா கெடக்கு. இறாலைப் பாத்துட்டு முகத்தைத் திருப்பிக்குது."

"ஏன்?"

"நேத்து ஊரே வந்து சோறு போட்டிருக்குல்லா சார். லட்சம் உருண்டை. இனி ஒரு வாரத்துக்கு அதுக்குப் பசி எடுக்காது."

வெங்கடேஸ்வரனும் நேற்று இதே கரையில் தர்ப்பணம் செய்தவர்தான். ஆனால் அவர் விட்டது எள்ளும் தண்ணீரும். எள்ளைத் தின்று மீன் கொழுக்காது. அந்த அளவில் தன் கை சுத்தம் என்று ஒருகணம் ஆறுதல் கொண்டார். பிறகு இயக்குநருக்குப் போன் செய்தார்.

"சார், மீன்களுக்குப் பசி இல்லை."

"பசி நம் கழகத்தின் வரம்புக்குள் வராது வெங்கடேஸ்வரன். மீன் வரும். அமைச்சர் கிளம்பிவிட்டார்."

"சார், மீனுக்கு எப்படிச் சொல்வது…"

"காசர்கோட்டில் மழை அதிகமாமே. குடை இருக்கிறதா உங்களிடம்?"

போன் வைக்கப்பட்டது.

பாலத்தின் ஓரத்தில் அலுமினியப் பாத்திரத்தை முன்னால் வைத்துக்கொண்டு தாசம்மாள் மீன் விற்றுக்கொண்டிருந்தாள். நெற்றி நிறைய விபூதியோடு ஒருவர் வந்து முன்னால் நிற்பதைப் பார்த்து அவள் பாத்திரத்தைச் சற்று நகர்த்தி வழி விட்டாள்.

"என்ன சாமி, வழி தெரியாம வந்துட்டியளா? அம்பலம் அந்தப் பக்கமாக்கும்."

"மீன் வேணும்."

"ஆருக்கு?"

"ஆபீசுக்கு."

"ஆபீசுல எத்தன பேரு திங்கியது?"

"யாரும் திங்க மாட்டா. பிடிக்கத்தான்."

தாசம்மாள் அவரை அனுதாபத்தோடு பார்த்தாள். "புடிச்சாச்சு சாமி. தூத்துக்குடியில ஆரோ புடிச்சு, ஐசுல போட்டு, லாரியில வந்தாச்சு. இனித் திங்கியதுதான் பாக்கி. இந்தா விளைமீன் கெடக்கு, நல்ல மீனு. கழுவித் தரட்டா?"

கழுவுதல் என்றால் என்ன என்பதில் அக்கிரகாரத்துக்கும் மீன்கடைக்கும் இடையே ஒரு கடல் இருக்கிறது. வெங்கடேஸ்வரன் தண்ணீர் விட்டு அலம்புவது என்று எடுத்துக்கொண்டார். அமைச்சர் கையால் தொடப்போகிற மீன் ஆயிற்றே!

"ரொம்ப சுத்தமா இருக்கணும். பெரிய மனுஷர் கையில எடுப்பார்."

"தல வேணுமா, கழிச்சிரட்டா?"

"முகம் கட்டாயம் வேணும். போட்டோவிலே தெரியணும்."

அவர் திரும்பி நின்று கண்ணை மூடிக்கொண்டு பத்மநாபனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னால் சரக் சரக் என்று ஏதோ கேட்டது. தாசம்மாள் செதில் சுரண்டினாள். செவுளைப் பிடுங்கினாள். வயிற்றைக் கீறிக் குடலை எறிந்தாள். காக்கைகள் நேற்றைய விருந்தை மறந்து வந்தன. இரண்டு விலாவிலும் மசாலா இறங்குவதற்கு வரிசையாகக் கீறல் போட்டாள். பிராமணர் பையில் கவிச்சி அடிக்கக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் மஞ்சளும் உப்பும் அப்பித் தேய்த்தாள். தாளில் சுற்றி, அவர் நீட்டிய தயிர்சாதப் பைக்குள் வைத்தாள்.

சிஜி ஆற்றுக்குள் நின்றபடி பொட்டலத்தைப் பிரித்தாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தாள்.

"சார், இது…"

"ஏன், சின்னதா?"

"சின்னதில்ல சார். எண்ணெய் காஞ்சா போதும், அந்தப் பருவத்தில இருக்கு."

பாலத்தின் மேல் பைலட் காரின் சைரன் கேட்டது. வேறு மீனுக்கு நேரமில்லை. சிஜி மூச்சை அடக்கிக்கொண்டு மீனோடு முங்கினாள்.

அமைச்சர் மிதவைச் சட்டையின் பட்டைகளை இருவர் இழுத்துப் பிடிக்க, கயாக்கில் அமர்ந்தார். கயாக் பாதி முழுகி, மரியாதையாக மிதந்தது. தூண்டில் வீசினார். தக்கை உடனே அமிழ்ந்தது. இதுபோன்ற விரைவு இந்த மாநிலத்தில் எந்த விண்ணப்பத்துக்கும் கிடைத்ததில்லை. இழுத்தார்.

கொக்கியில் விளைமீன் ஆடியது. முகம் இருந்தது, மற்றதெல்லாம் சமையலறைக்கு உரிய நிலையில் இருந்தது. பாதி மஞ்சள் தண்ணீரில் போயிருந்தும் வெயிலில் தங்கம்போல் மின்னியது. திறந்த வயிற்றின் வழியே அக்கரைத் தென்னைகள் தெரிந்தன.

கரை முழுக்க எட்டிப் பார்த்தது. அங்கே நின்ற அத்தனை பேரும் மீன் தின்று வளர்ந்தவர்கள். போலீஸ்காரர், டிவிக்காரர், பந்தல்காரர், இயக்குநர், அமைச்சர். அந்த மீன் எங்கிருந்து வந்தது, எந்தப் பாத்திரத்திலிருந்து வந்தது, எவ்வளவு விலை என்றுகூட அவர்களால் சொல்ல முடியும். தெரியாதவர் வெங்கடேஸ்வரன் ஒருவர்தான். ஆகவே அவர் ஒருவர்தான் மனசாரக் கை தட்டினார். ஒருவர் தட்டினால் மற்றவர்கள் தட்டாமல் இருக்க முடியாது. கரை அதிர்ந்தது.

"கொள்ளாமே, நல்லா இருக்கே!" என்றார் அமைச்சர். "இது எந்து இனம் சாரே?"

"அருகிவரும் இனம் சார்" என்றார் வெங்கடேஸ்வரன். அலுவலகத்தில் தெரியாத எதற்கும் அப்படித்தான் சொல்வது.

"விலாவில் இந்த வரிகள்?"

இயக்குநர் முந்திக்கொண்டார். "கூடுதல் செவுள்கள் சார். வெள்ளக் காலத்தில் மூச்சு விட."

அமைச்சர் மீனைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துப் படத்துக்குச் சிரித்தார். "உப்பு சரியா இருக்கும்னு தோணுது" என்று மெல்லச் சொன்னது, கயாக்குக்குப் பின்னால் தலை தூக்கியிருந்த சிஜிக்கு மட்டும் கேட்டது. பிறகு விதிப்படி, கருணை ததும்ப, மீனை ஆற்றில் விட்டார். அது மல்லாந்து, ஒருதரம் சுழன்று, ஒரு கல்லைப்போல் தன் சுதந்திரத்துக்குள் இறங்கியது.

"அய்யோ, நல்ல மீனைக் கொண்டுபோய்த் தண்ணியில போடுதானுவளே!" என்று பாலத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. அது மக்களின் ஆரவாரம் என்று மாலைச் செய்தியில் சொன்னார்கள்.

அப்புறம் நடந்ததைக் கழகமே எதிர்பார்க்கவில்லை. டெக்னோபார்க் பிள்ளைகள் சனி ஞாயிறு ஆனால் வரிசையில் நின்றார்கள். கவடியார் பெரிய வீடுகளில் மஞ்சள் மீனோடு படம் இல்லாத குடும்பத்தோடு சம்பந்தம் பேசத் தயங்கினார்கள். சாதாரண மீன் தூண்டிலில் மாட்டினால் விருந்தினர் முகம் சுளித்து உதறிவிட்டார்கள்; உயிரோடு துள்ளுவது நாகரிகமாக இல்லை, படமும் கலங்கிவிடுகிறது. தாசம்மாளைக் கழகம் இனவிருத்தி ஆலோசகராக நியமித்தது. அவளும் கறுப்புக் கண்ணாடி வாங்கிவிட்டாள். விற்பதற்கு மீன் இல்லை, எல்லாம் ஆபீசுக்குப் போய்விடுகிறது என்று பழைய வாடிக்கைக்காரர்களைத் திருப்பி அனுப்பினாள். ஒரே மீன் ஒரே பகலில் எத்தனை பேரிடம் பிடிபடலாம் என்று வரையறுக்க ஒரு குழு அமைக்கப்பட்டது. ஆற்றின் சொந்த மீன்கள் யார் தொல்லையும் இல்லாமல் கொழுத்து, படகுகளின் நிழலில் படுத்து, இதையெல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன.

வெங்கடேஸ்வரனுக்குப் பாராட்டு விழா நடந்தது. பொன்னாடை போர்த்திய கையோடு இயக்குநர் ஒரு உறையைக் கொடுத்தார். இத்தகைய அரிய சாதனை தலைநகரோடு நின்றுவிடக் கூடாது என்றும், சந்திரகிரி ஆற்றிலும் இதை உடனே தொடங்க வேண்டும் என்றும் அரசு கருதியிருந்தது.

"சார், இது காசர்கோடு ஆர்டர்" என்றார் வெங்கடேஸ்வரன்.

"பிடித்ததை விட்டுவிட வேண்டும். அதுதானே நம் கொள்கை?" என்றார் இயக்குநர். சபை கை தட்டியது.

நாகலக்ஷ்மி புளியோதரை கட்டிக் கொடுத்தாள். குடையையும் கொடுத்தாள். "அவா கேட்டதைத்தானே குடுத்தேள்?" என்று மட்டும் கேட்டாள். ரயில் கொல்லத்தைத் தாண்டியதும் வெங்கடேஸ்வரனுக்குக் கண் கலங்கியது. எதிரே உட்கார்ந்திருந்த பத்மகுமார் என்ற வங்கி அதிகாரி, பெரியவரைத் தேற்ற எண்ணித் தன் போனை நீட்டினார். மஞ்சள் மீனும் அவருமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"திருவல்லத்தில் நானே பிடிச்சது சாரே."

வெங்கடேஸ்வரனுக்கு மனசு தாங்கவில்லை. எத்தனை நாள்தான் ஒருவர் உண்மையைச் சுமப்பார்? தாசம்மாளை, தயிர்சாதப் பையை, சிஜி முங்கியதை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

பத்மகுமார் பொறுமையாகக் கேட்டார். வெங்கடேஸ்வரனின் நெற்றி விபூதியை ஒருமுறை பார்த்தார்.

"கோபிக்க வேண்டாம். நீங்க சைவம். மீனைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்றார். "நான் விட்டதும், ஒருதரம் வாலை ஆட்டிட்டு நீந்திப் போச்சு. இந்தக் கண்ணால நான் கண்டதாக்கும்."

வெங்கடேஸ்வரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏதோ ஒரு காயல் வெள்ளியாகக் கடந்து போயிற்று. பிறகு தணிந்த குரலில் கேட்டார்: "வாலை எந்தப் பக்கம் ஆட்டித்து?"