கண்ணாடி கேட்காத தலை

இலங்கைத் தீவிலேயே கண்ணாடி இல்லாமல் சலூன் நடத்துகிற ஒரே மனிதர் எங்கள் சந்தியில்தான் இருக்கிறார். வேறு யாராவது இருந்தால் கொண்டுவந்து காட்டுங்கள்; என் தலையையே பந்தயம் வைக்கிறேன். பந்தயம் வைக்கும் அளவுக்கு அது பெரிய பொருளல்ல என்பது போகப் போகத் தெரியும்.

அவர் பெயர் 'ஆடாதை' அண்ணை. கதிரையில் இருக்கிற தலை அரை அங்குலம் அசைந்தாலும் "ஆடாதை" என்பார். ஆறு வயதுப் பிள்ளைக்கும் அந்தச் சொல்தான், கிராமசேவகருக்கும் அந்தச் சொல்தான். முப்பது வருடம் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை அசையவிடாமல் வைத்திருந்த ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர், அந்தக் கதிரையில் தும்மலை விழுங்கிக்கொண்டு கண்ணீரோடு இருந்ததை நானே கண்டிருக்கிறேன். எங்கள் அம்மன் கோயில் தேர் ஒருமுறை வீதி முடக்கில் திரும்பும்போது ஒருபக்கம் சரிந்தது. வடம் பிடித்தவர்கள் அம்மாளாச்சியைக் கூப்பிட்டுக் குழற, சனத்தின் நடுவிலிருந்து "ஆடாதை" என்று ஒரு குரல் கேட்டது. தேர் நின்றது. அந்தச் சொல்லை அம்மன் கேட்டாவோ, சில்லுக்குக் கட்டை போட்டவர்கள் கேட்டார்களோ, ஊரில் இன்றுவரை முடிவில்லை.

அவருக்கு வீட்டார் வைத்த பெயர் ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பெயருக்கு ஒருமுறை பதிவுத் தபால் வந்தபோது, அப்படி ஓர் ஆள் இங்கே இல்லை என்று எழுதித் தபால்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். அதை அவர் எழுதியது ஆடாதை அண்ணையின் கதிரையில் இருந்துகொண்டு. பக்கத்தில் நின்ற அண்ணையும் கடித உறையை வாங்கிப் பார்த்து, எங்கேயோ கேட்ட பெயராகத்தான் இருக்கிறது என்றாராம்.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் என் படிப்பு. எங்கள் வீட்டில் முதலில் படித்த தலை என்னுடையது. அப்பா சுன்னாகம் சந்தையில் வெங்காய மூட்டை தூக்குகிறார். இந்த வயதிலும் மூட்டைக்கு மெத்தை போட்ட மாதிரித் தலை நிறைய மயிர். பெரியப்பா, சித்தப்பாமார் எல்லோருக்கும் அப்படியே. எங்கள் பரம்பரையில் ஒருவருக்கும் வழுக்கை விழுந்ததில்லை. ஒருவரும் படித்ததும் இல்லை. இரண்டையும் நான்தான் தொடங்கிவைத்தேன்.

பட்டம் பெற்று, பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராகச் சேர்ந்த புதிதில், உத்தியோகத்துக்கு ஏற்ற தலை வேண்டுமென்று யாழ்ப்பாணம் பட்டினத்தில் குளிரூட்டிய சலூன் ஒன்றுக்குப் போனேன். வெட்டி முடிந்ததும் அங்கிருந்தவன் எனக்குப் பின்னால் ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடித்து, "பாருங்கோ சேர்" என்றான். பார்த்தேன். உச்சியில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் ஒரு வெளி. அதைத் தோண்டியதே தான்தான் என்பதுபோல அவன் பெருமையாக நின்றான். பிறகு, கறுப்புப் பவுடர் ஒன்று இருக்கிறது, தூவினால் தெரியாது, மழைக்குள் மட்டும் போகக்கூடாது என்றான்.

வீட்டில் அம்மா உச்சியைத் தடவிப் பார்த்துவிட்டு, "உந்தக் கம்பஸ்தான் என்ரை பிள்ளையின்ரை தலையைத் திண்டது" என்று அழுதா. இரண்டாவது சலூன்காரர் வெங்காயச் சாறு பூசச் சொன்னார். எங்கள் வீட்டில் வெங்காயத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு மாதம் பூசினேன். மயிரும் வரவில்லை, அலுவலகத்தில் என் மேசைக்குக் கிட்ட ஆட்களும் வரவில்லை. பக்கத்து மேசைத் தர்சினி மட்டும் வந்தாள், கண் கலங்க. அது என் துயரத்தைப் பார்த்தல்ல, வெங்காயத்தால்தான் என்று அவள் சொன்னபோது எங்களுக்குள் காதல் நன்றாக முற்றிவிட்டிருந்தது.

மூன்றாவது சலூன்காரர் தங்கமான மனிதர். என் உச்சியின் நிலைமையை அடுத்த கதிரையில் இருந்தவருக்கும் விளக்கினார். அதோடு எனக்கு ஒன்று விளங்கியது. நான் தேடுவது அழகாக வெட்டுகிற ஆளை அல்ல. கண்டதைத் தனக்குள் வைத்துக்கொள்கிற ஆளை.

அப்படித்தான் எங்கள் சந்திக்கே திரும்பி வந்தேன். ஆடாதை அண்ணையின் கடையில் கதிரை றோட்டைப் பார்த்தபடி இருக்கும். மற்றக் கடைகளில் கண்ணாடி இருக்கிற இடத்தில் இங்கே சந்தி இருக்கிறது. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர் கதிரையில் ஏறி இருந்துகொண்டு கண்ணாடி எங்கே என்று அதட்டினார். "பஸ்ஸிலை போகேக்கை ஸ்டியரிங்கை நீங்களோ பிடிக்கிறனீங்கள்?" என்று அண்ணை கேட்டார். அந்த மனிதர் ரோசத்தில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றையே வாங்கி அன்பளிப்பாக அனுப்பிவைத்தார். அண்ணை அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் திராட்சைப் பந்தலில் கட்டிவிட்டார். குருவித் தொல்லை நின்றுவிட்டதாம்.

கண்ணாடி இல்லாமல் தலை எப்படி இருக்கிறதென்று எப்படித் தெரியும்? றோட்டால் போகிறவர்களின் முகத்தில் தெரியும். பள்ளிக்கூடப் பெட்டைகள் வாயைப் பொத்தினால் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று சரியில்லை. வயது போன அம்மாமார் தலையைக் குனிந்துகொண்டு போனால் நிலைமை மோசம். பஸ் கொண்டக்டர் மிதிபலகையில் தொங்கியபடி பெருவிரலைக் காட்டினால் எழும்பி வீட்டுக்குப் போகலாம். எல்லோரிலும் நம்பிக்கையான ஆள், குருநகரிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு வருபவர். வேகத்தைக் குறைத்து, இடக்காதுக்கு மேலே கொஞ்சம் கிடக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார். "கண்டனான்" என்பார் அண்ணை. கண்டிருக்கமாட்டார்.

ஆனால் றோட்டுக்குத் தெரிவது முன்பக்கம் மட்டுந்தான். உச்சி அவருக்கு மட்டுமே தெரியும். முதல்நாள் அவருடைய கத்தரிக்கோல் என் உச்சிக்கு வந்ததும் ஒரு கணம் நின்றது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். "ஆடாதை" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. இவர்தான் என் ஆள் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அதன்பிறகு நாலு வருடம் அவரும் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த நிம்மதியைக் கெடுத்தவர் தர்சினியின் அப்பா. பருத்தித்துறைக்காரர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். எங்கள் விசயத்தை அவள் வீட்டில் சொன்னபோது, விசாரித்துவிட்டுத்தான் மறுமொழி என்றாராம். அவருக்கு இரண்டே நிபந்தனை. பொடியன் குடிக்கக் கூடாது; தலையில் மயிர் இருக்கவேண்டும். வழுக்கை என்று இரண்டு மாப்பிள்ளைமாரை ஏற்கெனவே திருப்பி அனுப்பியிருக்கிறார். இத்தனைக்கும் அவருடைய தலை சுத்தமான வெளி. இருபத்தெட்டு வயதிலிருந்து தான் பட்ட பகிடி தன் மருமகனுக்கு வேண்டாமாம்.

"அப்பா எப்ப வருவார் எண்டு எனக்கும் சொல்லமாட்டார். கவனமா இருங்கோ" என்றாள் தர்சினி. தலையை எப்படிக் கவனமாக வைத்திருப்பது? வீட்டில் காட்ட அவள் படம் கேட்டபோது, மோட்டார் சைக்கிளில் ஹெல்மெற்றோடு இருக்கிற படத்தைக் கொடுத்திருந்தேன். அவளை இழந்துவிடுவேனோ என்ற பயத்தில் எனக்கு நித்திரையே இல்லை. அந்தக் கவலையிலும் கொஞ்சம் கொட்டியது.

ஒரு சனிக்கிழமை காலை ஆடாதை அண்ணையின் கதிரையில் இருந்தேன். இடப்பக்கம் வெட்டி முடித்துவிட்டு, மெஷின் வயரைச் சரிசெய்ய அவர் அந்தப்பக்கம் திரும்பினார். உச்சி இப்போது எந்த அளவில் இருக்கிறது, வாத்தியார் கண்டுபிடிப்பாரா என்று அறிந்தே ஆகவேண்டும் போலிருந்தது. போர்த்திருந்த துணிக்குள்ளால் போனை எடுத்துத் தலைக்கு மேலே பிடித்து அமத்தினேன். படம் எடுக்கிற சத்தத்தை நிறுத்த மறந்துபோனேன்.

"உதென்ன?"

"நேரம் பாத்தனான் அண்ணை."

"உச்சியிலையோ மணிக்கூடு கட்டியிருக்கிறாய்?"

காத்திருப்பவர்களுக்கான நீள வாங்கில் நாலு பேர் இருந்தார்கள். நாலு பேரும் சிரித்தார்கள். அண்ணை சிரிக்கவில்லை. என் கையிலிருந்து போனை வாங்கி, சீப்புகள் போடுகிற லாச்சிக்குள் வைத்தார். துணியை உருவினார். கண்ணாடிதான் வேண்டுமென்றால் பட்டினத்துக்குப் போகலாம், இங்கேதான் வெட்டுவதென்றால் கடைசி ஆளாக இருக்கலாம் என்றார். பாதித் தலையோடு நான் எந்தப் பட்டினத்துக்குப் போவது? வாங்கின் நுனியில் போய் இருந்தேன். நாலு தலைகளையும் அவர் வழமையைவிட நிதானமாக வெட்டினார். அவ்வளவு நேரமும் சந்தியால் போன ஊர் முழுக்க என்னைப் பார்த்தது. மீன்காரர் மோட்டார் சைக்கிளையே நிறுத்திவிட்டார். எந்தப் பக்கத்தைத் திருத்தச் சொல்வதென்று அவருக்கே தெரியவில்லை. வெட்டி முடிந்த நால்வரும் வீட்டுக்குப் போகவில்லை. மிச்சத்தையும் பார்த்துவிட்டுப் போவார்களாம்.

திரும்பவும் கதிரையில் ஏறி இருந்து, துணி கழுத்து வரைக்கும் வந்த நேரம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் கடை வாசலில் வந்து நின்றது. வந்தவர் ஹெல்மெற்றைக் கழற்றவில்லை. என் தலைக்கு மேலால் அண்ணையைப் பார்த்து, சந்தையில் மூட்டை தூக்குகிறவரின் மகனை, செயலகத்தில் வேலை செய்கிற பொடியனைத் தெரியுமா என்று கேட்டார். பருத்தித்துறையிலிருந்து ஒரு விசயமாக விசாரிக்க வந்தாராம்.

நான் எழும்பப் பார்த்தேன். அண்ணையின் பெருவிரல் என் உச்சியில், சரியாக அந்த இடத்தில், வந்து அமர்ந்தது; மற்றக் கையில் கத்தரிக்கோல் ஓடத் தொடங்கியது. "ஆடாதை."

"ஆளைத் தெரியுமோ தம்பி?" என்றார் வந்தவர் மறுபடியும்.

"முகம் மட்டுமட்டாத்தான் தெரியும் ஐயா. தலை நல்லாத் தெரியும்."

"குடிவகை?"

"குடிக்கிறவன்ரை தலை காலமையிலை ஆடும். அவன்ரை ஆடினதில்லை."

அந்த நேரம் பார்த்து லாச்சிக்குள் என் போன் அடித்தது. தகப்பன் வெளிக்கிட்டதைச் சொல்லத் தர்சினிதான் அழைத்திருக்கிறாள். அண்ணை லாச்சியை அரைவாசி இழுத்து, போனில் தெரிந்த பெயரை ஒருமுறை பார்த்தார். பிறகு இடுப்பால் தள்ளி மூடினார். போன் உள்ளே கிடந்து சீப்புகளோடு சேர்ந்து நடுங்கி ஓய்ந்தது.

"தலைமயிர் எப்பிடி?" என்றார் வாத்தியார்.

கத்தரிக்கோல் நின்றது. வாங்கிலிருந்த நாலு பேரும் முன்னுக்குக் குனிந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். நாலு வருடமாக ஒரு வார்த்தை விடாத மனிதர். இன்றைக்கும் விடமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

"போகுது ஐயா. உச்சியிலை துவங்கீற்றுது. அஞ்சு வருசம் தாங்கினால் பெரிய காரியம்."

சந்தி என்னைச் சுற்றி ஒருமுறை சுழன்றது. நம்பிக் கொடுத்த தலையை, நடு றோட்டில், அதுவும் கேட்கக்கூடாத ஆளுக்குப் போட்டுக்கொடுத்துவிட்டார். காலையில் போனைத் தூக்கியதற்கு இவ்வளவு பெரிய தண்டனையா? எழும்பி ஓடலாம் என்றால், வலப்பக்கம் இன்னும் வெட்டி முடியவில்லை.

வாத்தியார் மெல்ல ஹெல்மெற்றைக் கழற்றினார். வெயில் அவருடைய தலையில் விழுந்தது. அதில் மின்கம்பம், வந்துகொண்டிருந்த பஸ், ஒரு காகம் எல்லாம் தெரிந்தன. அந்தக் கடையில் முதன்முதலாக ஒரு கண்ணாடி நின்றது.

இதுவரை நாலைந்து இடத்தில் விசாரித்ததாகவும், ஒருவரும் இதைச் சொல்லவில்லை என்றும் அவர் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை.

"தலையைப் பற்றி நான் பொய் சொல்லுறேல்லை ஐயா" என்றார் அண்ணை. கத்தரிக்கோல் திரும்பவும் ஓடத் தொடங்கியது. "ஆனால் இன்னொண்டும் சொல்லவேணும். நாலு வருசமா என்னட்டைத் தலையைத் தாறான். ஒருநாளும் கண்ணாடி கேட்டதில்லை. ஒளிச்சுப் பாத்ததுமில்லை. நம்பினால் நம்பினதுதான். மயிர் போனால் போகட்டும் ஐயா. பெட்டையைக் குடுக்கிற இடத்திலை உந்தக் குணத்தையெல்லோ பாக்கவேணும்."

காலையில் நடந்ததைக் கண்ணால் கண்ட நாலு சாட்சிகள் வாங்கில் இருந்தார்கள். ஒருவர் கூரையைப் பார்த்தார். ஒருவருக்கு இருமல் வந்தது. மற்ற இருவரும் மழை வருமா என்று கதைக்கத் தொடங்கினார்கள். எங்கள் ஊரில் ஒரு விசயத்தை நாலு பேர் கண்டும் ஒருவரும் வாய்திறக்காமல் இருந்தது, எனக்குத் தெரிய, அன்றைக்குத்தான்.

வாத்தியார் ஹெல்மெற்றைத் திரும்பப் போட்டு, மோட்டார் சைக்கிளை உதைத்து இயக்கினார். பிறகுதான் முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"தம்பி, வாற ஞாயிறு அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு வீட்டை வாரும். ஹெல்மெற் தேவையில்லை."

கல்யாணம் முடிந்து முதல்முறை தலை வெட்டப் போன அன்று, அண்ணையிடம் கேட்டேன். உச்சி விசயத்தில் உண்மை சொன்னீர்கள், போன் விசயத்தில் ஏன் பொய் சொன்னீர்கள் என்று.

"எந்தப் போன்? வெட்டின மயிரோடை அந்தக் கதையையும் அண்டைக்கே கூட்டித் தள்ளீற்றன். ஆடாதை."

இப்போது மாமாவும் மாதத்துக்கு ஒருமுறை பருத்தித்துறையிலிருந்து எங்கள் சந்திக்கே வருகிறார். இரண்டு காதுக்கும் மேலே கொஞ்சம், பிடரியில் கொஞ்சம், அவ்வளவுதான் அவரிடம் இருக்கிறது. அதற்கு அண்ணை அரைமணித்தியாலம் எடுப்பார். மாமா வெட்டி முடிந்து வாங்கில் இருக்க, நான் கதிரையில் ஏறுவேன். என் உச்சியில் இப்போது எவ்வளவு மிச்சம் என்று எனக்குத் தெரியாது, கேட்பதுமில்லை. பிடரிக்குச் சவரக்கத்தி வரும்போது எனக்கு நித்திரை வந்துவிடுகிறது.

போன மாதம் வீட்டுக்குப் போகிற வழியில் மாமா ஒன்று சொன்னார். நித்திரையில் என் தலை சரிந்ததாம். அண்ணை இடக்கையை என் கன்னத்துக்குக் கீழே கொடுத்துத் தாங்கிக்கொண்டு, வலக்கையால் மெல்ல மெல்லச் சவரம் செய்தாராம். கடைசிவரைக்கும் ஒருதடவைகூட "ஆடாதை" என்று சொல்லவில்லையாம்.