சுப்பம்மாளின் பச்சை முகம்

வேற்றுக்கிரகத்தார் வந்து இறங்கினால் அதற்குத் தயாராக இருக்கும் ஒரே ஆள், திருநெல்வேலியில் மட்டுமல்ல, இந்த உலகத்திலேயே எங்கள் பிளெக்ஸ் அண்ணாச்சிதான். மற்றவர்கள் துப்பாக்கியைத் தேடுவார்கள். அண்ணாச்சி ரேஷன் கார்டு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பார்.

தச்சநல்லூரில் அவருக்கு பிளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை. கல்லூரி விட்டதும் ஊருக்கு பஸ் ஏறும்வரை நான் அங்கே தட்டச்சு செய்தேன். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் பொறுப்பு. பக்கத்துக் கம்ப்யூட்டரில் அண்ணாச்சி படக்கதை வரைவார். அந்தக் கதையில் வேற்றுக்கிரகத்தார் வந்து மூன்று வருடம் ஆகியிருக்கும். பச்சை முகம், முட்டை முட்டையாகக் கண்கள். அம்பாசமுத்திரம் பஸ்ஸில் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே போவார்கள். பிசானப் பருவத்து நெல் நடவுக்கு வருவார்கள். கைக்கு ஆறு விரல் என்பதால் வேகமாக நட்டு, மற்ற பெண்களிடம் ஏச்சு வாங்குவார்கள். இருபது பக்கம் தாண்டியும் ஒரு சண்டைகூட இல்லை.

“சண்டை எப்ப வரும் அண்ணாச்சி?”

“என்னத்துக்குச் சண்டை? அதான் வந்துட்டாகல்லா. இனி அவுக பிள்ளைய எந்தப் பள்ளிக்கூடத்துல சேக்கதுன்னு பாக்கணும்.”

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனாலும் வசனம் முழுக்க நான்தான் தட்டச்சு செய்தேன்.

எங்கள் பக்கத்து பேனருக்கு ஒரு சட்டம் உண்டு. கீழ் வரிசையில் வட்டம் வட்டமாகச் சொந்தங்கள் எல்லாரும் இருக்க வேண்டும். ஒரு சித்தப்பா விட்டுப்போனால் பேரன் காலம்வரை பேச்சுவார்த்தை இருக்காது. போட்டோ வந்து சேராத வட்டத்தில் அண்ணாச்சி தன் படக்கதையின் பச்சை முகத்தை ஒட்டிவைப்பார். வெறும் வட்டத்தைப் பார்த்தால் அவருக்குக் கை ஓடாது. போட்டோ வந்ததும் மாற்றிவிடுவார்.

நான் பட்டம் வாங்கினேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. வயல்காரர் வீட்டுப் பிள்ளைகளின் பேனர் மட்டுமே தொங்கிய எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் என் பேனரும் தொங்க வேண்டும் என்று அப்பா ஆசைப்பட்டார். எனக்கு அவரைவிட ஆசை. தன் பேனரைத் தானே அடிக்கக் கூடாது என்று அண்ணாச்சி என்னைப் பக்கத்தில் விடவில்லை. அப்பா போய் அவசரப்படுத்தி வாங்கிவந்து கட்டியும்விட்டார்.

சான்றிதழோடு ஊரில் இறங்கினேன். பேனருக்குக் கீழே கூட்டம். பத்தடி உயரத்துக்கு நான். கீழ் வரிசையில் முதல் வட்டத்தில் பச்சை முகம். அதன் அடியில் ‘தாயார் சுப்பம்மாள்’. ஊர்ப்பட்ட சொந்தங்களின் போட்டோவையும் அனுப்பிய அப்பா, அம்மாவை மறந்திருக்கிறார். அண்ணாச்சி மாற்ற மறந்திருக்கிறார்.

படிக்கத் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். தெரியாதவர்கள் குழம்பினார்கள். பட்டம் கொடுத்த பெரிய வாத்தியாரா என்று ஒருவர் கேட்டார். அப்பா அதைக் காலேஜ் சாமி என்று நம்பி, காலையிலேயே சூடம் காட்டியிருந்தார்.

நடவு முடிந்து சேற்றுக்காலோடு அம்மா வந்து நின்றாள். அவளுக்கு எழுத்து தெரியாது.

“ஏட்டி, எம் பேரு எங்கன இருக்கு?”

இத்தனை வருடப் படிப்பில் இவ்வளவு கஷ்டமான கேள்வி எனக்கு வந்ததில்லை. வேறு ஒரு வட்டத்தைக் காட்டிவிடலாம். மனம் வரவில்லை. விரலை நீட்டினேன்.

“அந்தப் பச்சையா இருக்காளே, அவளுக்குக் கீழயா?”

“ஆமாம்மா. தப்பா அடிச்சிட்டாக. இப்பமே கழட்டிருதேன்.”

அம்மா அண்ணாந்து பார்த்தாள். “கண்ணு நல்லா இருக்கு. கெடக்கட்டும்.”

அண்ணாச்சியைப் போனில் வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவர், அம்மா அழுதாளா என்று மட்டும் கேட்டார். மறுநாள் அம்மாவைப் போட்டோ எடுத்துப் புது பேனர் அடிக்க, கேமராவோடு அம்மா நடவு செய்யும் வயல் வரப்பில் வந்து நின்றார்.

“புதுசெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி,” என்றாள் அம்மா. “ஒங்க கதையில ஆறு விரல்காரி நடுதாளாமே, அவ பக்கத்துல என்னைய நிறுத்துங்க. ஆனா நாந்தான் முந்தி நடணும்.”

அப்படியே வரைந்தார். அம்மா இரண்டு முழம் முன்னால் இருக்கிறாள். பச்சைக்காரி மூச்சு வாங்குகிறாள். கதையின் கடைசிப் பக்கம் அதுதான்.

அண்ணாச்சி இப்போது சாத்தான்குளத்துக்குக் கடையை மாற்றிவிட்டார். என்னுடைய அந்த பேனர் எங்கள் ஒழுகும் கூரைமேல் கிடக்கிறது, பச்சை முகம் வானத்தைப் பார்த்தபடி. அவர்கள் நிஜமாகவே வந்தால் மேலிருந்து முதலில் தெரிவது எங்கள் வீடுதான். தண்ணீர் கொடுத்து, சாத்தான்குளம் பஸ் எங்கே நிற்கும் என்று சொல்லி அனுப்புவேன். அங்கே ஒருவர் காத்திருக்கிறார்.