கிட்டப்பார்வை ஒழிந்த பள்ளி

ஸ்ரீரங்கத்துப் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை மணிமேகலை. தன் வகுப்பு யாழினி கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தே எழுதுவதைக் கவனித்தார். முதல் வரிசையில் உட்கார வைத்தும் கண்ணைச் சுருக்கினாள். விஷயத்தை முறைப்படி மேலிடத்துக்கு எழுதினார். அதுதான் அவர் செய்த தப்பு.

சுற்றறிக்கை வந்தது. பகல் வெளிச்சத்தில் விளையாடினால் கிட்டப்பார்வை மட்டுப்படும் என்று மருத்துவர்கள் கருதுவதால், பிள்ளைகள் தினமும் இரண்டு மணி நேரம் மைதானத்தில் விளையாட வேண்டும். விளையாடியதை ஒவ்வொருவரும் செயலியில் பதிய வேண்டும். முப்பது பிள்ளைகளும் மணிமேகலையின் ஒரே போனைச் சுற்றித் தலை கவிழ்ந்து நின்றார்கள். இரண்டு மணி நேரம் அதற்கே சரியாகப் போயிற்று.

மூன்று மாதம் கழித்து முன்னேற்றத்தை அளக்க பீமராவ் என்ற அதிகாரி வந்தார். சுவரில் எழுத்து அட்டை. இருபதடி தள்ளி சாக்பீஸ் கோடு. பதினொரு பேருக்கு எழுத்து தெரியவில்லை. கிட்டப்பார்வைப் பிள்ளைகளுக்கு மேலிடம் வைத்த இலக்கோ பூஜ்யம். பீமராவ் சற்று யோசித்து, கோட்டை முன்னால் போடச் சொன்னார். பத்தடியில் நாலு பேர் தேறவில்லை. ஐந்தடியில் யாழினி மட்டும் மிச்சம்.

"இன்னும் கொஞ்சம் கிட்ட வாம்மா," என்றார் அன்பாக.

மூன்றடியில் மணிமணியாகப் படித்தாள்.

"சார், கிட்டத்துல தெரியும், தூரத்துல தெரியாது. அதுக்குப் பேர்தான் கிட்டப்பார்வை," என்றார் மணிமேகலை.

"கிட்டத்துல தெரியுதுல்ல மேடம்? தூரத்துல போய் ஏன் குறையைத் தேடுறீங்க?"

குறையே இல்லை என்று பிள்ளைக்கொரு சான்றிதழ் வந்த பின், வரவேண்டிய இலவசக் கண்ணாடியும் நின்றது. யாழினியின் அப்பா வளவனுக்கு மகிழ்ச்சி. கவர்மெண்டே சான்றிதழ் கொடுத்திருக்கிறது, பெண் பிள்ளைக்கு எதற்குக் கண்ணாடி என்று கேட்டு, சான்றிதழுக்கு லேமினேஷன் போட்டார்.

மணிமேகலைக்கு மனசு கேட்கவில்லை. யாழினியின் அம்மாவிடம் சொல்லிவிட்டு, அவளைப் புத்தூரில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். திரும்பும்போது பஸ் ஜன்னலில் யாழினி மலைக்கோட்டையையே பார்த்துக்கொண்டு வந்தாள். "டீச்சர், மேல ஆளுங்க நடக்குறாங்க."

திங்கட்கிழமை மெமோ வந்தது: குறையற்ற பள்ளியில் குறையை ஏற்படுத்தியது ஏன்? கூடவே பீமராவின் போன். கிட்டப்பார்வையை ஒழித்த ஆசிரியர்களுக்கான விருதுப் பட்டியலில் மணிமேகலை பெயர் இருக்கிறதாம். மெமோவா, விருதா, அவரே முடிவு செய்யலாமாம்.

மணிமேகலை இரண்டு நாள் தூங்கவில்லை. மூன்றாம் நாள் யாழினியைக் கூப்பிட்டு, விழா அன்றைக்கு மட்டும் கண்ணாடியைப் பையிலேயே வைத்திருக்கச் சொன்னார். அவளும் சரி என்றாள்.

விழாவில் பொன்னாடை, மாலை, போட்டோ எல்லாம் குறைவில்லாமல் நடந்தன. கடைசி வரிசையில் நின்ற யாழினி, மேடையில் விருது வாங்குவது யார் என்று தெரியாமலேயே பலமாகக் கைதட்டினாள்.