மேற்படி வைத்தியர் மறுக்கவில்லை

டாக்டராவதற்கு மார்க் வேண்டும் என்ற தவறான அபிப்பிராயம் 1969ஆம் ஆண்டுவரை திருவள்ளூரில் பரவலாக நிலவி வந்தது. அதைப் போக்கியதில் எனக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. நான் அப்போது அங்கே ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். எனக்கு இன்னும் பதினோரு வருஷம் சர்வீஸ் பாக்கி இருக்கிறது.

பராசரன் என்பவர் பெருமாள் கோயிலில் பரம்பரையாகக் கைங்கரியம் செய்பவர். எங்கள் ஊர்ப் பெருமாளுக்கு வைத்திய வீரராகவர் என்று பெயர். சயனக் கோலத்தில் படுத்தபடியே ஊர் வியாதியையெல்லாம் தீர்த்து வைப்பார். அமாவாசைதோறும் ஜனங்கள் வந்து குளத்தில் வெல்லம் கரைப்பார்கள். வெல்லம் கரைகிற மாதிரி வியாதியும் கரையும். மரு உதிர வேண்டுமென்றால் உப்பும் மிளகும் போட வேண்டும். தூரத்துப் பொதட்டூர்பேட்டைக்காரர்கள் முதல் நாளே வந்து குளத்தங்கரையில் படுத்திருப்பார்கள்.

பராசரனின் ஒரே பிள்ளை ஸம்பத்குமார். பி.யு.சி.யில் அறிவியல் பாடங்களில் இருநூற்றுக்கு நூறு வாங்கியிருந்தான். எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மனுப் போடக் குறைந்தபட்சம் தேவைப்பட்டதும் நூறுதான்.

"ஒரு மார்க்கைக்கூட வீணாக்கலை பார்த்தீரா" என்றார் பராசரன்.

அந்த நாளில் வீட்டுக்கு ஒரு டாக்டர் என்பது வீட்டுக்கு ஒரு ரேடியோ மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. பராசரனின் எதிர்வீட்டில் இரண்டு டாக்டர்கள். அந்த வீட்டு வாசலைப் பார்க்கச் சகிக்காமல் அவர் கொல்லைப்புறமாகவே கோயிலுக்குப் போய்வந்தார்.

நல்லவேளையாக அரசாங்கம் மார்க்கை மட்டும் நம்பவில்லை. நேர்முகத் தேர்வுக்கு எழுபத்தைந்து மார்க் ஒதுக்கியிருந்தது. விளையாட்டு, உடல் உறுதி, தாங்கும் சக்தி, மருத்துவத்தில் நாட்டம் எல்லாவற்றையும் ஐந்து நிமிஷத்தில் பார்த்து மார்க் போட்டுவிடுவார்கள். சான்றிதழ் மட்டும் இருக்க வேண்டும்.

"வரதன், நம்ம பையனுக்கு நாட்டம் இருக்குன்னு ஒரு சர்டிபிகேட் வேணும் ஓய்."

"என்ன நாட்டம் சுவாமி?"

"பத்து வயசிலேர்ந்து குளத்தங்கரையிலே நின்னுண்டு, யாருக்கு எவ்வளவு வெல்லம்னு அவன்தானே சொல்றான்? எட்டு வருஷம். அமாவாசைக்கு நானூறு பேர். ஒருத்தன் செத்தான்னு கேள்விப்பட்டிருக்கீரா?"

நான் கேள்விப்பட்டதில்லை. எனவே, 'மேற்படி மாணவன் பிரபல வைத்தியர் வீரராகவரின் கீழ் எட்டாண்டு முன்னனுபவம் பெற்றவன். இதுவரை உயிரிழப்பு ஏதுமில்லை' என்று டைப் அடித்துக்கொண்டுபோய் அதிகாரியிடம் வைத்தேன்.

எங்கள் அதிகாரி ஆதிகேசவன் பரம பக்தர். பெருமாள் பெயரைப் படித்ததும் எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு உட்கார்ந்து, "இவருடைய பதிவு எண் என்ன?" என்றார்.

"சார், இது பெருமாள்."

"எனக்குத் தெரியாதா? வாரா வாரம் சேவிக்கிறேன். அது பக்தி. இது ஃபைல். வைத்தியர்னு எழுதினா பதிவு எண் வேணும்."

"எண் கிடையாது சார்."

"அப்ப நேரில் போய் விசாரிக்கணும்."

விசாரித்தோம். ஜீப்பில் போனோம். ஆதிகேசவன் கர்ப்பகிருஹத்துக்கு எதிரே நின்று, தீபாராதனை முடியும்வரை கண்ணீர் விட்டார். முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேற்படி மாணவன் தங்களிடம் பணிபுரிவது உண்மைதானா என்று மூன்று முறை கேட்டார். அன்று மாலை நான் டைப் அடித்த அறிக்கை வருமாறு: 'நேரில் விசாரிக்கப்பட்டபோது மேற்படி வைத்தியர் படுத்த நிலையில் இருந்தார். கேள்விக்குப் பதில் அளிக்கவில்லை. மறுக்கவும் இல்லை. ஆகவே ஒப்புக்கொண்டதாகக் கருதப்படுகிறது.' அதன் கீழே கோபுர முத்திரை குத்தினோம்.

நேர்முகத் தேர்வுக்குப் பட்டணத்துக்கு நானும் துணைக்குப் போனேன். பெஞ்சில் எங்களுக்குப் பக்கத்தில் பழவேற்காட்டு மீனவர் லோகநாதன், மகள் ரத்னாவோடு உட்கார்ந்திருந்தார். ரத்னா வாங்கியிருந்தது இருநூற்றுக்கு நூற்று அறுபத்தெட்டு. பராசரனுக்கு அவர்கள்மேல் பரிதாபமாகிவிட்டது.

"வெறும் மார்க்கை வெச்சுண்டு வந்திருக்கேளே" என்று எங்கள் சான்றிதழை நீட்டினார். "இதோ, இவர்தான் டைப் அடிச்சார்."

ரத்னா அதை இரண்டு தரம் படித்தாள். பிறகு என்னை ஒரு தரம் பார்த்தாள்.

முதலில் அவளைக் கூப்பிட்டார்கள். கதவைச் சாத்த வேண்டிய பியூன் டீ குடிக்கப் போயிருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது.

"விளையாட்டு உண்டா?"

"நீந்துவேன் சார். ஏரியில இந்தக் கரையிலேர்ந்து அந்தக் கரைக்குப் போவேன்."

"சர்டிபிகேட்?"

"ஏரி சர்டிபிகேட்டு குடுக்காது சார்."

"தாங்கும் சக்தி?"

"புயல்ல படகு கவுந்துபோய் நைனாவ இழுத்துக்கினு வந்தேன் சார். மூணு மணி நேரம்."

"அங்கீகரிக்கப்பட்ட புயலா? நடுவர் யாராவது இருந்தாரா?"

நடுவர் இல்லை. எழுபத்தைந்துக்கு மூன்று போட்டார்கள்.

அடுத்தது ஸம்பத்குமார். சான்றிதழைப் படித்த தேர்வுக் குழுத் தலைவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். அவர் கழுத்தில் சுண்டைக்காய் அளவு மரு இருந்தது.

"தம்பி, இதுக்கு?"

"உப்பும் மிளகும் சார். மூணு அமாவாசை."

"சாப்பிடணுமா?"

"குளத்துல போட்டா போதும்."

"பக்க விளைவு?"

"மீனுக்குத்தான் சார்."

தலைவர் மற்ற இருவரையும் பார்த்தார். "தொடாமலே வைத்தியம் சொல்றான்! இதுதான் நாட்டம்" என்றார். எழுபத்திரண்டு போட்டார்கள்.

பட்டியல் ஒட்டினார்கள். நூறும் எழுபத்திரண்டும் நூற்று எழுபத்திரண்டு. கடைசி இடம் ஸம்பத்குமாருக்கு. நூற்று அறுபத்தெட்டும் மூன்றும் நூற்று எழுபத்தொன்று, ரத்னாவுக்கு இடமில்லை. லோகநாதன் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "ஒரு மார்க்குதானே கம்மி? யார்னா பார்த்துக் குடுப்பாங்களா, கேளேன்" என்று மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கேட்கவில்லை. எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. பராசரன் காபி வாங்கிக் கொடுத்தார். சாப்பிட்டேன்.

ஐந்தரை வருஷப் படிப்பை ஸம்பத்குமார் ஏழரை வருஷம் ஆழ்ந்து படித்தான். 1977இல் நான் கும்மிடிப்பூண்டிக்கு மாற்றலானேன். தொழிற்சாலைகள் வரப்போகின்றன என்று நிலத்தை அளந்துகொண்டிருந்த சமயம். புதுவாயல் தாண்டி ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரி. டாக்டர் நம் ஸம்பத்குமார். அந்த வருஷம் என் பையன் பி.யு.சி. முடித்து, இருநூற்றுக்கு நூற்றொன்று வாங்கியிருந்தான். ஸம்பத்குமாரைவிட ஒன்று அதிகம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு சான்றிதழை நானே டைப் அடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். 'மேற்படி மாணவன் தன் தந்தையின் கடுமையான இருதய நோய்க்கு எட்டாண்டுகளாக இரவுபகல் பாராமல் சிகிச்சை அளித்து வருகிறான்.' எனக்கு இருதய நோய் கிடையாது. எட்டாண்டு என்பது ராசியான எண்ணாயிற்றே என்று போட்டேன்.

டாக்டரின் நாற்காலிக்குப் பின்னால் சுவரில், கண்ணாடிச் சட்டம் போட்டு, எங்கள் பழைய சான்றிதழும் அறிக்கையும் மாட்டியிருந்தன. பட்டம் அதற்குக் கீழேதான்.

"வரதன் மாமா! உங்களுக்கு இல்லாத கையெழுத்தா?" என்று ஸம்பத்குமார் தாளை வாங்கிப் பேனாவைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து என் நெஞ்சைப் பாறாங்கல் வைத்து அழுத்துகிற மாதிரி வலித்தது. மூச்சு முட்டியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தேன்.

"நடிச்செல்லாம் காட்ட வேண்டாம் மாமா. கையெழுத்து போட்டாச்சு" என்று தாளை என் சட்டைப்பையில் செருகினான்.

"இல்லப்பா... வலி... நெஜமா..."

"எனக்குத் தெரியாதா? தத்ரூபமா இருக்கு!"

நர்ஸ் ஒருத்தி ஓடிவந்தாள். என் நெற்றி வியர்வையைத் தொட்டுப் பார்த்தாள், நாடியைப் பிடித்தாள். "சார், இது நெஜம். எய்துங்க" என்று ஒரு மருந்தின் பெயரைச் சொன்னாள். டாக்டர் எழுதினார். "இன்னொண்ணு" என்றாள். அதையும் எழுதினார். நர்ஸ் ரத்னாதான்.

மூன்றாம் நாள் எனக்கு உயிர் திரும்பியிருந்தது. ரத்னா ஊசியோடு வந்தாள். சட்டையைத் தளர்த்தியபோது பையிலிருந்த காகிதத்தைப் படித்திருக்கிறாள் போலும்.

"இந்த நோய் எட்டு வருசமா கீதா சார்?"

நான் பேசாமல் படுத்திருந்தேன்.

"உங்க புள்ளைதான் வைத்தியம் பாக்குறாரா?"

மோட்டுவளையைப் பார்த்தேன். அவள் திறந்திருந்த கதவு வழியாக டாக்டர் அறைச் சுவரைக் காட்டி, வாய்ப்பாடு ஒப்பிக்கிறவள் மாதிரி சொன்னாள்: "படுத்த நிலையில் இருந்தார். பதில் அளிக்கவில்லை. மறுக்கவும் இல்லை." ஊசியைக் குத்தினாள். எனக்கு வலித்தது, ஊசியினால் அல்ல.

என் பையனுக்கு இடம் கிடைத்துவிட்டது. லட்டு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டருக்கு இரண்டு கொடுத்துவிட்டு, ரத்னாவைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"ஏம்மா, நீ ரிட்டயர் ஆக இன்னும் எத்தனை வருஷம் இருக்கு?"

"முப்பதுக்கு மேல கீது சார். இன்னாத்துக்கு?"

என் பையன் டாக்டராகி வந்தாலும் மருந்தின் பெயரைச் சொல்ல அவள் இருப்பாள். அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது. அவளுக்கு மூன்று லட்டாகக் கொடுத்தேன்.