தும்மல் மாத்திரையும் கண் திறப்பும்

தும்மினால் மூக்கு போய்விடும். சிற்பி செங்கல்வராயனுடைய மூக்கு அல்ல, சிலையின் மூக்கு.

மாமல்லபுரத்துப் பட்டறையில், கருங்குழிப் பள்ளிக்கூடத்துக்குத் தாளாளராக இருந்து மறைந்த பாலசுப்ரமணியன் கருங்கல்லாக உட்கார்ந்திருந்தார். கண் மட்டும் பாக்கி. சாமி சிலையோ மனிதர் சிலையோ, அந்தப் பட்டறையில் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். சாயங்காலம் அவர் மகன் ஹரிஹரன் வண்டியோடு வருகிறார். சிலை பிடித்துவிட்டால் பள்ளிக்கூடத்து வாசலுக்கான சரஸ்வதி சிலை வேலையும் செங்கல்வராயனுக்குத்தான். பிடிக்காவிட்டால், அந்த ஊரில் வேறு பட்டறைக்கா பஞ்சம்?

கல்தூசி காலையிலிருந்தே வேலையைக் காட்டியது. அடுக்குத் தும்மல். மருந்துக்கடையில் கேட்டு ஒரு தும்மல் மாத்திரை வாங்கிப் போட்டார். தும்மல் நின்றது. செங்கல்வராயனும் நின்றார், நின்றபடியே தூங்கினார்.

விழித்ததும், செங்கல்பட்டில் பார்மசி படிக்கும் மகள் சுஜாதாவுக்குப் போன் போட்டார்.

"இன்னாம்மா இது, மூக்குக்குப் போட்டா கண்ணு சொருகுது?"

"பஸ்ஸுல துண்டு போட்டு சீட்டு புடிப்பியே நைனா, அதான். ஹிஸ்டமின்னு ஒண்ணு மூக்குல ரிசெப்டர்ங்கிற சீட்டுல குந்துனா தும்மல் வரும். மாத்திரை முந்திகினு அதுல துண்டு போட்டுடுச்சு."

"மூக்குல போட்டதோட நிக்க வேண்டியதுதான?"

"அதுக்கு இன்னா தெரியும்? மூளையிலயும் அதே சீட்டு கீது. அங்க ஹிஸ்டமின் குந்துனாதான் நீ முழிச்சிகினு இருப்ப. அங்கயும் துண்டு வுழுந்துடுச்சு. உளியத் தொடாத, போய்ப் படு."

படுக்க நேரமேது? இந்தத் துண்டை உருவி எடுக்கக் காப்பிதான் சரி என்று அவராகவே முடிவு கட்டினார். காப்பிக்கு அந்தத் துண்டோடு பேச்சு வார்த்தையே கிடையாது. அது போய்த் துண்டு போடுவது, அசதி வந்து உட்காருகிற வேறொரு சீட்டில். அது அவருக்கு எப்படித் தெரியும்? டீக்கடை சரோஜா டிகாஷனைக் கெட்டியாக விட, டம்ளர் டம்ளராக உள்ளே இறக்கினார்.

தூக்கம் அரைகுறையாக விலகியது. வலக்கண்ணை அழகாகத் திறந்துவிட்டார். இடக்கண்ணுக்கு வந்தபோது கை தந்தியடிக்க ஆரம்பித்தது. நடுக்கத்தை அடக்க என்ன செய்தார் தெரியுமா? இன்னொரு மாத்திரை போட்டார், பாவம்.

கை அடங்கியது. தலையும் கூடவே சாய்ந்தது. சிலையின் இமை பாதி திறந்திருந்தபோதே உளி வழுக்கிக் கண்ணுக்குக் கீழே ஒரு கோடு இழுத்துவிட்டது. கல்லில் விழுந்த கோட்டை அழிக்க ரப்பர் ஏது?

ஹரிஹரன் வந்தார். கையிலிருந்த போட்டோவையும் சிலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஊருக்கே ஒழுக்கம் சொன்ன மனுசன்யா எங்கப்பா. இப்டித் தூங்கி வழியிற மூஞ்சியா அவருக்கு? இது வேணாம். சரஸ்வதியும் வேணாம்."

சமாதானம் சொல்ல செங்கல்வராயன் வாயைத் திறந்தார். கொட்டாவிதான் வந்தது.

அதற்குள் வண்டியிலிருந்து ஹரிஹரனின் தாயார் அமிர்தவல்லி மெதுவாக இறங்கி வந்தார். சிலையின் கிட்டே போனார். முந்தானையால் அந்த அரைக்கண்ணின் தூசியைத் துடைத்துவிட்டார்.

"போட்டோவுக்கு நிக்கசொல்ல மட்டுந்தான்டா உங்கப்பா ரெண்டு கண்ணையும் தொறப்பாரு," என்று மகனிடம் சொல்லிவிட்டு, செங்கல்வராயன் பக்கம் திரும்பினார். "ஏம்பா, எங்க வூட்டுக்காரரு காலம்பூரா தும்மல் மாத்திரை முழுங்கிகினு இருந்தது உனக்கு எப்டித் தெரிஞ்சுது?"