திருநீறு பட்ட அரை டாலர்

கடலூர் முதுநகர்,
புதன்கிழமை.

சிதம்பரம் பழங்காசு ஆர்வலர் மன்றத்தின் செயலாளரும் அதன் மாத மடலுக்கு ஆசிரியருமான திரு. வைத்திலிங்கம் அவர்களுக்கு, ஜான்சி தேவசகாயம் வணக்கத்துடன் எழுதுவது.

என் கணவரின் அமெரிக்க வெள்ளிக்காசை நான் திருநீறு போட்டுத் தேய்த்தேன் என்று உங்கள் மன்றத்தில் பேசிக்கொள்வது தவறு. நாங்கள் நான்கு தலைமுறையாக வேதக்காரர்கள். என் வீட்டில் திருநீறு கிடையாது. தேய்த்தவள் என் வீட்டில் வேலை செய்யும் முத்தம்மாள், திருநீறும் அவளுடையது. இதைத் தெளிவாக்கிவிட்டு நலம் விசாரிக்கிறேன். எனக்கு முழங்காலைத் தவிர மற்றவை நலம். உங்கள் வீட்டில் அனைவரும், உங்களையும் சேர்த்தே, நலமாக இருக்க வேண்டுகிறேன்.

துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்த என் கணவர், 1806ஆம் வருடத்து அரை டாலர்கள் மூன்றைப் புதுச்சேரியில் வாங்கி, முப்பது ஆண்டுகள் பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தக் காலத்தில் காசு அடிக்கும் அச்சைக் கையால் செதுக்குவார்கள். அதனால் ஒவ்வோர் அச்சும் ஒரு வகை. அச்சில் விரிசல் விட்டால் அது காசில் முடி போல மேடான கோடாக விழும். காசில் உள்ள சுதந்திர தேவியின் முகத்தில் அப்படி ஒரு கோடு ஓடுகிறது, எந்தப் புத்தகத்திலும் இந்த வகை இல்லை என்று நோட்டில் எழுதி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். நானும் அதே கண்ணாடியில் பார்த்தேன். மூன்று காசிலும் கோடு இருந்தது. ஒன்றில் நெற்றியில், ஒன்றில் மூக்கில், ஒன்றில் காதுக்குப் பின்னால். விரிசல் வளர வளர நகர்ந்திருக்கிறது என்று முடிவு செய்தேன். கணவருடையது என்பதற்காக மதிப்பெண்ணை அள்ளிப் போடவில்லை. நீங்கள் காசுக்குத் தரம் போடும் கணக்கில் எழுபதுக்கு நாற்பத்தைந்துதான் போட்டேன். கான்வென்டில் சிஸ்டர்கள் எங்களுக்கு அப்படித்தான் போட்டார்கள். உங்களிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. உங்கள் பட்டியலில் இதற்கு 'தேவசகாயம் வகை' என்று பெயர் வேண்டும். நீங்களோ போன மடலில் அவர் பெயரை 'தேவசாயம்' என்று போட்டீர்கள். அச்சுப் பிழையால் காசுக்கு மதிப்பு ஏறும், மனிதருக்கு ஏறாது ஐயா.

மன்றக் கூட்டத்துக்கு முதல் நாள் மூன்றில் ஒரு காசைப் பெட்டியில் எடுத்து வைத்து, முத்தம்மாளிடம், "நாளைக்கு இந்தக் காசு சிதம்பரம் போகுது, தொடாதே" என்று சொன்னேன். மறுநாள் உங்கள் மேசையில் பெட்டியைத் திறந்தால், பழங்காசுக்கு மதிப்புத் தரும் இருநூறு வருடக் கறுப்பு முழுவதும் போய், காசு கண்ணைப் பறிக்கிறது. பதின்மூன்று நட்சத்திரங்களுக்கு இடையிலும் திருநீறு. "என்னம்மா இது, நேத்து அடிச்சாப்ல இருக்கு?" என்றீர்கள். உங்கள் உறுப்பினர் கிள்ளை இளவரசு, "அம்மனுக்கு அலங்காரம் ஆயிடுச்சு, தீபாராதனைதான் பாக்கி" என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். 'தேய்க்கப்பட்டது, தரமிட இயலாது, விரிசல் ஏதும் இல்லை' என்று எழுதி என் கையில் கொடுத்தீர்கள். பள்ளிக்கூடத்தில்கூட நான் பூஜ்யம் வாங்கியதில்லை. விரிசல் எப்படி இருக்கும்? அதைத்தான் அவள் தேய்த்தே கரைத்துவிட்டாளே! வீட்டுக்கு வந்து, "தொடாதேன்னு சொன்னேனா இல்லியா?" என்று கேட்டேன்.

"குளிக்காம தொடாதன்னு சொல்றீங்கன்னு நெனச்சேம்மா. தலைக்குக் குளிச்சிட்டுத்தான் தொட்டேன்."

"எதுக்குடி தேச்ச?"

"சாமிக்குப் போற காசு அழுக்கா போவலாமா? நீங்க வேதக்காரவுங்கன்னு நடராசரு ஒண்ணும் பேதம் பாக்க மாட்டாரும்மா."

சிதம்பரம் என்றால் அவளுக்கு ஒரே முகவரிதான். அங்கே உங்கள் மன்றமும் இருக்கிறது என்று யார் அவளுக்குச் சொல்வது? பதினோரு நாளாக அவளோடு பேச்சில்லை. அந்தக் காசைப் பார்க்கவும் மனம் வரவில்லை. முப்பது வருடம் ஒரு மனுஷன் பார்த்துப் பார்த்து வைத்திருந்ததை ஒரு சிட்டிகைத் திருநீறு முடித்துவிட்டது. மற்ற இரண்டு காசையாவது பார்த்து அவர் பெயரைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மன்றத்தார் அனைவருக்கும் ஆண்டவர் ஆசீர் உண்டாகட்டும். கிள்ளை இளவரசுக்கு மட்டும் அதில் பாதி.

இப்படிக்கு,
ஜான்சி தேவசகாயம்

பி.கு.: உறையை ஒட்டுமுன் மனதைத் தேற்றிக்கொண்டு அந்தக் காசை அவருடைய பூதக்கண்ணாடியில் பார்த்தேன். விரிசல் இருக்கிறது! இவ்வளவு தேய்த்தும் போகவில்லை! அந்தச் சந்தோஷத்தில் உறைமேல் எழுதிய முகவரியையும் அதே கண்ணாடியில் சரிபார்த்தேன். உங்கள் பெயரின் நடுவில் ஒரு கோடு. பின்கோடில் ஒரு கோடு. என் கட்டைவிரலில், ஜெபமாலைச் சிலுவையில், கேஸ் ரசீதில், எல்லாவற்றிலும் அதே கோடு. முப்பது வருடம் அவர் பார்த்ததும் இதைத்தான். முத்தம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "கண்ணாடியில கீறல்தாம்மா. தேச்சுத் தரட்டுமா?" என்றாள். கண்ணாடியைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். விரிசல் இல்லாத காசுக்கும் தேவசகாயம் என்ற பெயரைப் பட்டியலில் எங்காவது சேர்க்க வழி உண்டா? தொலைபேசியில் கூப்பிட வேண்டாம். எழுத்தில் பதில் அனுப்பவும்.